பேரும் செலவும்: பல்கலைக்கழகத் தெரிவு பற்றிச் சில எண்ணங்கள்

ஒவ்வோராண்டும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து சில வாரங்கள் சென்றபின் எம் கல்லூரி விறாந்தையில் ஒரு காட்சியைக் காணலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைக் கையிலேந்திய தந்தையொருவர் நிற்பார். தன் எதிர்காலம் பற்றிய பேச்சில் தனக்குப் பங்கில்லை என்பதுபோலச் சற்று விலகித் தூணோரமாகப் பிள்ளை நிற்கும். "மாஸ்ரர், பேராதனையோ, யாழ்ப்பாணமோ, எதை முதலிலை போடுறது? எது நல்ல பேர்? எது செலவு குறைவு?" என மூன்று வினாக்களையும் ஒரே மூச்சிற் கேட்டு, ஒரே சொல்லில் விடை பெற்றுச் செல்லவே அவர் வந்திருக்கின்றார். பொழுது சாய்வதற்குள் வயலுக்கு நீர் திருப்ப வேண்டும். விண்ணப்பம் இக்காலத்தில் இணையவழிச் செல்வதாயினும் ஆலோசனை இன்னமும் விறாந்தையிலேயே நடைபெறுகின்றது. பழைய மாணவராயும் பின்னர் ஆசிரியராயும் நின்ற யாம் பல ஆண்டுகளாக ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பி வந்திருக்கின்றோம். அவ்விடைகள் எத்துணைப் பொருத்தமானவை என்பதை இம்மலரில் ஆராயத் துணிந்தோம். எம் பிழையும் இதனுள் வெளிப்படும், வெளிப்படுக.

கல்விக்காக வெளியூர் செல்லல் எம்மவர்க்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டிலே தோன்றியது. அவ்வாண்டே அதன் கலைமாணித் தேர்வில் முதன்முதல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற யாழ்ப்பாணத்தவரேயாவர். கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இலேதான் வந்தது. அதுகாறும் பட்டம் வேண்டியோர் கடல் கடந்தனர். அன்றேல் இருந்த ஊரிலிருந்தே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றினர். பகலிற் படிப்பித்து இரவில் விளக்கின்முன் படித்த அவ்வெளிவாரி மாணவரே, எம் கருத்தில், பேரையும் செலவையும் ஒருங்கே வென்றவராவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் நிறுவப்பெற்றது. 1931இல் சுவாமி விபுலாநந்தர் ஆங்குத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். நம்மவர் கண்ணும் அப்பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. மாங்குளத்திற் புகையிரதம் ஏறி, மதவாச்சியில் மாறித் தலைமன்னார் சென்று, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினால் தென்னிந்தியப் புகையிரதம் காத்திருக்கும். 1964ஆம் ஆண்டு திசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அவ்வழி திறந்திருந்தது.

எனினும், அவ்வழிச் சென்றோருள் வன்னியார் மிகச் சிலரே. வவுனிக்குளம் திருத்தப்பெற்றுக் குடியேற்றத் திட்டங்கள் எழுந்த 1950களுக்குப் பின்னரே இப்பகுதியிற் குடிகள் பெருகின. காடு வெட்டியவர்க்குச் சிதம்பரம் கோயிலாகவே இருந்தது, பல்கலைக்கழகமாக அன்று.

இன்றைய நிலை வேறு. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1945இல், நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக அரசினர் பல்கலைக்கழகத்திற் பட்டக்கல்வி பயிலும் நம் நாட்டு மாணவன் போதனைக் கட்டணம் இறுப்பதில்லை. அமெரிக்காவிலே ஒரு மாநிலத்து அரசினர் பல்கலைக்கழகம் அயல் மாநிலத்து மாணவனிடம், தன் மாநிலத்தானிடம் பெறுவதினும் மிகுதியாகக் கட்டணம் பெறும்; ஆங்குள்ள பெற்றோர் பேருக்கும் பணத்துக்கும் இடையே நின்று தடுமாறுதற்கு அதுவே முதற் காரணம். இங்கோ, மல்லாவிப் பிள்ளை மொறட்டுவைக்குச் செல்லினும், பேராதனைக்குச் செல்லினும், வந்தாறுமூலைக்கோ பம்பைமடுவுக்கோ செல்லினும் கட்டணம் ஒன்றே, அஃதாவது, ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிய கொடையை நாம் காற்றைப்போல் எண்ணி மறந்துவிடுகின்றோம்.

நுழைவு முறையிலும் எம் மாவட்டத்துக்கு ஒரு வாயில் உண்டு. பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களுள் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைப்படியும், 55 மாவட்டங்களின் மக்கட்டொகைப்படியும், எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறுக்கும் பகிரப்படும். முல்லைத்தீவு அப்பதினாறுள் ஒன்று. மாவட்ட ஒதுக்கீடு 1974இல் வந்தபோது யாழ்ப்பாணம் கொதித்தது. கொதித்ததற்குக் காரணமும் இருந்தது. ஆயினும், அதே ஒதுக்கீடே வவுனியா, மன்னார்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு அதுவரை மூடிக்கிடந்த கதவைத் திறந்தது என்பதையும் மறைத்தல் முறையன்று. யாழ்ப்பாணத்து நண்பர்கள் எம்மீது சினங்கொள்ளற்க. முல்லைத்தீவு மாவட்டத்தின் மக்கட்டொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓரிலட்சத்துக்கும் குறைவு. ஆதலின் அவ்வாயில் வழியே கிடைப்பன சில இடங்களே. சிலவாய் இருத்தலினாலேயே அவற்றை எங்ஙனம் தெரிவது என்னும் வினா பெரிதாகின்றது.

இனிச் செலவைப் பார்ப்போம். 'கிட்ட இருந்தாற் செலவு குறைவு' என்பது எம்மூரில் எவரும் ஐயுறாத வாக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ளது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து இயங்குகின்றது. இரண்டும் வன்னி மண்ணிலேயே உள்ளன. ஆனால், மல்லாவியிலிருந்து விடியற்காலையிற் பேருந்தேறி, மாங்குளத்தில் இறங்கி, வேறு பேருந்துக்குக் காத்துநின்று, எட்டு மணி விரிவுரைக்கு அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ நாள்தோறும் போய் நிற்றல் எளிதோ? முதல் மாதத்தில் முயல்வர். இரண்டாம் மாதத்தில் அறை தேடுவர். ஆகவே எங்கே சென்றாலும் எம் பிள்ளை வீட்டுக்கு வெளியேதான் உறங்க வேண்டும். விடுதி முதலாண்டிலும் இறுதியாண்டிலும் பெரும்பாலும் கிடைக்கும், இடையாண்டுகளில் ஐயம். இஃது எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. மாணவர் சிற்றுண்டிச்சாலையின் சோற்று விலையிற் பெரும் வேற்றுமை இல்லை. மடிக்கணினி எங்கும் வேண்டும். கொழும்பையும் மொறட்டுவையையும் சூழ்ந்த இடங்களில் அறை வாடகை மிகும், அதை மறுக்கவில்லை. பேராதனைக்கு ஒரு கம்பளிப் போர்வை கூடுதலாக வேண்டும். மற்றைய வேற்றுமையெல்லாம் விடுமுறைக்கு ஊர் வந்து மீளும் வழிச்செலவே. அதை மாதந்தோறும் வருபவனுக்குக் கணக்கிட்டால் ஒரு தொகை. தவணைக்கொருமுறை வருபவனுக்குக் கணக்கிட்டால் வேறொரு தொகை. 'கிட்ட' என்ற சொல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலாருக்குப் பொருந்துமளவு எமக்குப் பொருந்தாது. அவர்தம் பிள்ளை ஈருருளியிற் சென்று மதிய உணவுக்கு வீடு திரும்பும்.

இவ்வெளிய கணக்கை யாம் காலங்கடந்தே போட்டுப் பார்த்தோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவி ஒருத்தி கணிதப் பிரிவில் நற்பெறுபேறு ஈட்டினாள். 2008இல் இவ்வூரை விட்டுப் பெயர்ந்து, மீண்டு வந்து தகரக் கொட்டிலில் வாழ்வைத் தொடங்கிய குடும்பங்களுள் அவளுடையதும் ஒன்று. தகப்பனார் விறாந்தைக்கு வந்து அதே மூன்று வினாக்களைக் கேட்டார். யாம் சிறிதும் தயங்காது, "பொம்பிளைப் பிள்ளை, தூர இடம் செலவு, கிளிநொச்சியை முதலிலை போடுங்கோ" என்றோம். அவ்வாறே அவரும் போட்டார். முதல் விருப்பமாக எழுதியது கிடைத்தது. மாவட்ட வெட்டுப்புள்ளிகள் வெளியானபோதுதான் பேராதனையின் பொறியியலுக்கும் அவளுடைய இசட் புள்ளி போதுமாயிருந்தமை தெரிந்தது. விருப்ப வரிசையில் மேலே நிற்பது கிடைத்தபின் கீழே நிற்பதைக் கேட்க வழியில்லை. அவள் கிளிநொச்சியில் நன்றாகவே கற்றாள். நல்ல ஆசிரியரும் வாய்த்தனர். அதுபற்றி அவளுக்குக் குறையில்லை. ஆயினும், பின்னொருநாள் வாணி விழாவுக்கு வந்திருந்தபோது, இடையாண்டுகளில் வாடகை அறைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்: "சேர், அண்டைக்கு நீங்களும் அப்பாவும் கதைச்சனீங்கள். என்னை ஒருதரும் கேக்கேல்லை."

அதற்குப் பின் விறாந்தைக்கு வரும் தந்தையரிடம் யாம் முதலிற் சொல்வது, "பிள்ளையை இங்காலே வரச் சொல்லுங்கோ" என்பதே. கேட்டால் பிள்ளைகள் பேசுகின்றன. தூரம் செல்ல அஞ்சுவதும் உண்டு. அண்மையில் இருக்க அஞ்சுவதும் உண்டு. நோயுற்ற தாயைப் பார்க்க வாரந்தோறும் வரவேண்டும் என்பவனுக்குக் கிளிநொச்சியே முதல் இடம். அவனைப் பேரின் பொருட்டு மொறட்டுவைக்குத் தள்ளுதல் கொடுமை.

பேர் என்பதுதான் யாது? எம்மவர் நாவிற் பேராதனையும் கொழும்பும் மொறட்டுவையும் பெரும்பேர், பின்வந்தனவெல்லாம் சிறுபேர். உற்று நோக்கின் பேரின் பெரும்பகுதி வயதே என்பது புலப்படும். பொறியியலையே எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இற் கொழும்பில் தொடங்கி 1964இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. கட்டுபெத்தையில் 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியாய் இருந்தது 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சியின் பொறியியற் பீடமோ 2014இலேதான் முதலணி மாணவரை ஏற்றது. அறுபதாண்டு முந்தியோர் கட்டிய பேரை நேற்று வந்தோரிடம் எதிர்பார்த்தல் எங்ஙனம் கூடும்? பழைய பீடத்தில் ஆய்வுகூடம் நிறைந்திருக்கும். விரிவுரையாளர் தொகை மிகும். பயிற்சிக்கு அழைக்கும் கொம்பனிகளில் அப்பீடத்தின் பழைய மாணவர் அமர்ந்திருப்பர். இவை மெய்யான நன்மைகள். இவற்றை வெறும் பேர் என இகழ்வார் கூற்றுக்கு யாம் உடன்படோம். அதுபோலவே, பேர் முழுவதும் மெய்யென நம்புவார் கூற்றுக்கும் உடன்படோம்.

பேராசிரியர் அழகையா துரைராஜா அவர்களை இங்கு நினைத்தல் தகும். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் கற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் முடித்து, கேம்பிறிட்ஜில் மண் பொறியியல் ஆராய்ந்தவர் அவர். களிமண்ணின் நெகிழ்ச்சி பற்றி றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்பாருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் அத்துறையார் அறிந்தது. பேராதனையிற் பேராசிரியராயும் பீடாதிபதியாயும் இருந்தவர், 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்று, போர் நெருக்கடியின் நடுவே 1994இல் மறையும்வரை அப்பதவியில் நின்றார். அவர் காலத்திலேதான் வேளாண்மைப் பீடம் 1990இற் கிளிநொச்சியில் தொடங்கப்பெற்றது. போர் அதனைப் பெயர்த்தது; போரின் பின் அது மீண்டும் வன்னிக்கு வந்தது. பெரும்பேர் பெற்ற இடத்திலிருந்து சிறுபேர் கொண்ட இடத்துக்கு இத்தகையோர் வந்தமையினாலேயே பின்னதற்குப் பேர் உண்டாயிற்று. பல்கலைக்கழகத்தின் பேரை விசாரிக்கும் தந்தையர் 'அத்துறையில் யார் படிப்பிக்கின்றார்?' என விசாரித்தமையை யாம் கேட்டதேயில்லை.

பல்கலைக்கழகத்தின் பேரினும் கற்கைநெறியின் தரமே கருதத்தக்கது என்பதற்குத் தொழில்துறையாரே சான்று. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பாயிற்று. அந்நிறுவனம் அங்கீகரிக்கும் பட்டநெறியை உடன்படிக்கையிலுள்ள ஏனைய நாட்டாரும் மதிப்பர். அவ்வங்கீகாரம் கற்கைநெறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழங்கப்படுவது. பல்கலைக்கழகத்தின் வாயிற்பலகைக்கு வழங்கப்படுவதன்று. ஆகவே கைந்நூலைத் திறந்ததும் கற்கைநெறியை முதலிலும், அதன் அங்கீகாரத்தையும் மொழியையும் அடுத்தும், ஊரைப் பின்னரும் பார்க்க என்போம். பேருள்ள பல்கலைக்கழகத்தில் விரும்பாத நெறியைப் பயின்று வாடுவோரை ஆண்டுதோறும் காண்கின்றோம். மருத்துவத்தில் இவ்வாராய்ச்சி இன்னும் எளிது. கொழும்பின் மருத்துவப் பள்ளி 1870இற் பிறந்தது. யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இற் பிறந்தது. பட்டம் பெற்றபின் இரு சாராரையும் உள்ளகப் பயிற்சிக்கு நியமிப்பது ஒரே சுகாதார அமைச்சு. நோயாளி வைத்தியரின் பீடத்தைக் கேட்டு மருந்து உண்பதில்லை.

மாகாணத்துக்கு வெளியே செல்வதில் வேறொரு பயன் உண்டு. அதைச் செலவுப் பக்கத்தில் எழுதுவதா வரவுப் பக்கத்தில் எழுதுவதா என எம்மிடையே கருத்து வேற்றுமை உண்டு. பேராதனையிலோ மாத்தறையிலோ நான்காண்டு வாழ்ந்த எம் பிள்ளை சிங்களம் பேசிக்கொண்டு திரும்புகின்றது. திணைக்களத்தில் எழுந்து நின்று தன் ஊருக்கு வேண்டியதைக் கேட்கின்றது. யாம் இதனை வரவென்றே எழுதுவோம். அச்சமுடையோர் பகிடிவதையை எடுத்துக்காட்டுவர். 1998இலேயே அதனைத் தடுக்கும் சட்டம் வந்தும் அது முற்றாக ஒழியவில்லை. வடக்கிலும் ஒழியவில்லை, தெற்கிலும் ஒழியவில்லை. ஆதலின் அஃது ஊரைத் தெரிவதற்கு அளவுகோலாகாது.

கடல்கடக்கும் எண்ணம் இன்றும் சிலரிடம் உண்டு. இந்திய அரசு நேரு ஞாபகார்த்தம், மௌலானா ஆசாத் என்னும் பெயர்களில் இலங்கையர்க்குப் புலமைப்பரிசில்கள் வழங்கிவருகின்றது; கிடைப்பின் நன்று. சொந்தப் பணத்திற் செல்பவர் அப்பட்டத்தை இங்கே யார் ஏற்பர் என முன்னரே விசாரித்தல் வேண்டும். அயல்நாட்டில் மருத்துவம் முடித்தோர் இங்கு மீண்டும் ஒரு தேர்வெழுத வேண்டியிருத்தலைப் பலர் காணி விற்றபின்னரே அறிகின்றனர்.

இவ்வளவும் சொன்னபின், செலவு என்பது பொய்யச்சமே என்று முடித்துவிட்டோம் என எவரும் கருதற்க. செலவு மெய். ஆயின் அஃது இருக்கும் இடம் நாம் எண்ணிய இடமன்று. நான்காண்டுக்கும் சேர்த்துக் கூட்டும் பெருந்தொகையில் எம் குடும்பங்கள் முறிவதில்லை; முதல் மூன்று மாதத்தில் முறிகின்றன. 1981இல் நிறுவப்பெற்ற மகாபொல நம்பிக்கை நிதியம் உண்டு. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 7,500 ரூபாவாகவும், மற்றைய உதவிப்பணம் 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. ஆனால் உதவிப்பணம் எதுவாயினும் விண்ணப்பம், நேர்முகம், பட்டியல் எனப் படிகள் ஏறிக் கைக்கு வரும்முன் மாதங்கள் சில செல்லும். பதிவுக்கான கடிதமோ உழவன் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. காலபோக நெல் வீடு சேர்ந்து விலைப்பட்ட மாசி, பங்குனியில் வந்தால் ஒருவாறு சமாளிக்கலாம். கையிருப்பெல்லாம் விதைப்பிலும் உரத்திலும் கரைந்த ஐப்பசி, கார்த்திகையில் வந்தால்? அறைக்கு முற்பணம், மெத்தை, வாளி, கணினி, வழிச்செலவு, முதல் மாதச் சோறு எல்லாம் ஒரே கிழமையில் வேண்டும். தாலிக்கொடி அடைவு கடைக்குச் செல்லும் கிழமை அது. 'கிட்டவே போகட்டும்' என்னும் முடிவு பிறப்பதும் அக்கிழமையை நினைத்த நடுக்கத்திலேயே, கணக்கிலன்று.

எனவே பழைய மாணவர் சங்கத்தார்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். யூபிலி நினைவாகக் கல்லூரி வாயிலில் வளைவொன்று எழுப்பவேண்டுமென்று வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் விரும்புகின்றனர். வளைவு அழகியதே, அதற்கு யாம் பகையல்லேம். ஆயினும், அப்பணத்தை முதலாகக் கொண்டு ஒரு சுழல்நிதி அமைப்பின், பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் கைக்கு வந்த கிழமையிலேயே மாணவனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். உதவிப்பணம் வரத்தொடங்கியபின் இயன்றதையும், தொழில் பெற்றபின் மிகுதியையும் அவன் மீளக் கட்டுவான். கட்டாதோரும் சிலர் இருப்பர். சங்கச் சந்தாவையே கட்டாதோர் நம்முள் எத்தனை பேர் என்பதைப் பொருளாளர் அறிவார்.

இதனோடு, விண்ணப்பகாலத்தில் வரும் சனிக்கிழமைகளில் பழைய மாணவர் மூவர் மண்டபத்தில் அமர்தல் வேண்டும். ஒருவர் மொறட்டுவையிலோ பேராதனையிலோ கற்றவராயிருத்தல் நன்று. ஒருவர் வன்னியிலேயே கற்றவராயிருத்தல் நன்று. மூன்றாமவர் அண்மையிற் கற்று முடித்து, இன்றைய அறை வாடகையை அறிந்தவராயிருத்தல் மிக நன்று. யாம் மேலே குறித்த மாணவி அம்மூன்றாம் இடத்துக்கு உடன்பட்டிருக்கின்றாள்.

வளைவின் வரைபடம் செயற்குழுவின்முன் உள்ளது. பொதுக்கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வரும் நாளில் இவ்வேண்டுகோளையும் எழுத்தில் முன்வைப்போம். இக்கட்டுரையை மறுப்போர் அன்று மண்டபத்துக்கு வந்து மறுக்க; தம் பிள்ளைகளையும் உடன் அழைத்து வருக.